கிளாஸ்கோ மேடையும் ஊர்ப் பந்தலும்: வாசகர் கேள்வி – பதில்

சுற்றுச்சூழல், பருவநிலைக் கொள்கை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தன: உலகத்துக்கு முன்னால் நம் அரசு சொல்வதும் எங்கள் ஊரில் நடப்பதும் ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது? எட்டுக் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். சிலவற்றுக்கு நீளமாகத்தான் எழுத வேண்டியிருந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிகர பூஜ்ஜியத்துக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2050 என்றன, சீனா 2060 என்றது. நாம் மட்டும் 2070 என்கிறோம். இதை வைத்து வகுப்பில் பெரிய சண்டையே நடந்துவிட்டது. இந்தியா தட்டிக்கழிக்கிறதா, இல்லையா?
— கல்லூரி மாணவி, விழுப்புரம்

தட்டிக்கழிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் பிரதமர் மோடி, 2070க்குள் இந்தியா நிகர பூஜ்ஜியத்தை எட்டும் என்று அறிவித்தார். அதாவது நாம் காற்றில் விடும் பசுங்குடில் வாயுக்களும், காடு போன்றவை திரும்ப உறிஞ்சிக்கொள்வதும் சரிசமமாகிவிடும் நிலை. வருடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நாம் கடைசியில் நிற்பது போலத்தான் தெரியும். ஆனால் ஓர் இந்தியர் தலைக்கு வருடத்துக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, சீனருக்குச் சுமார் 8 டன், அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். நாட்டு மொத்தத்தைக் கூட்டினால் நாம் உலகில் மூன்றாவது இடம், தலைக்கு வகுத்தால் உலக சராசரியில் பாதிகூடக் கிடையாது. அதோடு, இன்று பூமியைச் சூடாக்கிக்கொண்டிருப்பது இந்த வருடத்துப் புகை மட்டும் இல்லை, நூற்றைம்பது வருடமாகச் சேர்ந்து கிடக்கும் புகையும்தான். அதில் நம் பங்கு சின்னது. 1992 ரியோ மாநாட்டுக் காலத்து ஒப்பந்தத்திலேயே, பொறுப்பு எல்லாருக்கும் பொது, ஆனால் அளவு வேறு வேறு என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டவர்களில் பணக்கார நாட்டுக்காரர்கள், 2024இல் பாகூ மாநாட்டில், பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகள் வருடத்துக்கு 1.3 டிரில்லியன் டாலர் வேண்டும் என்று கேட்டபோது, 2035க்குள் வருடம் 300 பில்லியன் திரட்டித் தருகிறோம் என்று முடித்துவிட்டார்கள். அந்த மேடையிலேயே இந்தியா கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தக் கோபம் நியாயமானது, நானும் அந்தக் கோபத்தோடுதான் இருக்கிறேன்.

சரி, இதோடு நிறுத்திவிடலாமா என்றால், முடியாது. தலைக்கு 2 டன் என்பது சராசரி. மூன்று ஏசி ஓடும் சென்னை வீடும் அதில் இருக்கிறது, ஜவ்வாது மலையில் விறகடுப்பு எரியும் வீடும் அதில் இருக்கிறது. மின்சாரம் வந்து சேர்வது என் வீட்டுக்கு, சாம்பல் போய் விழுவது மின் நிலையத்துக்குப் பக்கத்தில் வலை வீசுகிறவர் வீட்டுக்கு. 'அனுபவித்தது நீங்கள், சுமப்பது மட்டும் நாங்களா' என்று பணக்கார நாடுகளைப் பார்த்து நாம் கேட்கிறோமே, அதே கேள்வியை நம் நாட்டு மீனவரும் பழங்குடியும் நம்மைப் பார்த்துக் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? எனக்கு 2070ஐவிட இந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. அடுத்த முறை வகுப்பில் சண்டை வந்தால் இதை எடுத்துப் போடுங்கள்.

நாட்டின் மின் திறனில் பாதி இப்போது நிலக்கரி இல்லாதது என்று 2025இல் செய்தி வந்தது. ஆனால் மின்சாரத்தில் முக்கால்வாசி நிலக்கரியிலிருந்துதான் என்றும் படிக்கிறேன். முப்பது வருடம் மின்துறையில் வேலை பார்த்த எனக்கே குழப்பமாக இருக்கிறது. பேரன் கேட்டால் என்ன சொல்வது?
— ஓய்வுபெற்ற மின் ஊழியர், உடுமலைப்பேட்டை

இரண்டு செய்தியும் சரி. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை, பேரனுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

நிறுவு திறன், அதாவது முழு வீச்சில் ஓடினால் தரக்கூடிய அளவு, வேறு. உற்பத்தி, அதாவது உண்மையில் வந்த மின்சாரம், வேறு. ஒரு கிலோவாட் சோலார் பேனல் நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். சாயங்காலம் ஆனால் படுத்துவிடும். அதே ஒரு கிலோவாட் நிலக்கரி நிலையம், நடுவில் நிறுத்தி ஓட்டுவதையெல்லாம் கழித்தாலும், நாளைக்கு 16 யூனிட் வரை தரும். ஆக இரண்டையும் ஒரே எடையாக வைத்து எண்ணினால் பாதிக்குப் பாதி என்று வரும், வீட்டு மீட்டரில் வந்து சேரும் யூனிட்டை எண்ணினால் நிலக்கரி 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். 2025 ஜூன் கடைசியில் நாட்டின் மொத்தத் திறன் சுமார் 485 கிகாவாட், அதில் சூரியன், காற்று, நீர், அணு எல்லாம் சேர்ந்து பாதியைத் தொட்டன. 2030க்கு என்று வைத்த இலக்கு ஐந்து வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. இது சின்ன சாதனை இல்லை, நான் மனதாரப் பாராட்டுகிறேன். 2010இல் தேசிய சூரிய மின் இயக்கம் தொடங்கியபோது 2022க்குள் 20 கிகாவாட் என்று வைத்த இலக்கையே அன்றைக்குப் பலர் பேராசை என்றார்கள்.

ஆனால் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். கிளாஸ்கோவில் பிரதமர் சொன்னது, 2030க்குள் நாட்டின் 'எரிசக்தித் தேவையில்' 50 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரும் என்று. 2022 ஆகஸ்டில் ஐ.நா.வுக்கு அனுப்பிய அதிகாரபூர்வ உறுதிமொழியில் அது 'மின் நிறுவு திறனில்' 50 சதவீதம் என்று ஆகிவிட்டது. தேவை என்ற இடத்தில் திறன் என்று வந்ததும் வேலை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இலக்கைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

இனி கஷ்டமான பகுதி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகிறது. மதியம் ராமநாதபுரத்திலும் ராஜஸ்தானிலும் சூரிய மின்சாரம் வழிகிற நேரம் ஒன்று, எல்லார் வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் மிக்ஸியும் ஓடுகிற நேரம் வேறு. முப்பந்தல் கணவாயில் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை காற்றாலைகள் பிய்த்துக்கொண்டு சுற்றும், அதற்குப் பிறகு ஓய்ந்துவிடும். மதியத்து மின்சாரத்தைச் சேர்த்துவைத்து இரவில் எடுக்க வழி வேண்டும். உங்கள் ஊருக்கு மேலேயே கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களின் கடைசியிலிருந்து அதைத்தான் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு டர்பைனைச் சுற்றுகிறார்கள். இது மாதிரி இன்னும் நிறைய வேண்டும், பேட்டரி வேண்டும், மின் பாதைகள் வேண்டும். பேனல் வைப்பதற்கு ஆறு மாதம் போதும், மின்பாதை போட வருடக்கணக்கில் ஆகிறது. இப்போது தடங்கல் அங்கேதான் இருக்கிறது.

நிலக்கரிக்கு டன்னுக்கு இவ்வளவு என்று பசுமை வரி போட்டார்கள். அந்தப் பணம் எங்கே போனது?
— வியாபாரி, வாணியம்பாடி

வாணியம்பாடியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மாசுபடுத்துபவர்தான் அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதியாகச் சொன்னது, பாலாற்றைக் கெடுத்த உங்கள் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில்தான்.

நிலக்கரி வரியும் அதே கொள்கையில் பிறந்தது. 2010இல் டன்னுக்கு 50 ரூபாய். 2014இல் 100, அடுத்த வருடம் 200, 2016இல் 400. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நிலக்கரி எரிகிறது என்று வைத்தால், யூனிட்டுக்குக் கால் ரூபாய் போல வரும். இந்தப் பணத்தைத் தூய எரிசக்திக்கென்று ஒரு தனி நிதியில் போடுவதாகச் சொல்லித்தான் வசூலித்தார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அது ஜிஎஸ்டி இழப்பீட்டு வரியோடு கலந்துவிட்டது. மாநிலங்களுக்கு வருமானம் குறைந்தால் ஈடுகட்டும் பணம் அது. மாநிலங்களுக்குப் பணம் தேவைதான், அதில் சண்டை இல்லை. ஆனால் சூரிய மின்சாரத்துக்கும், நிலக்கரி ஊர்களில் கெட்டுப்போன தண்ணீருக்கும் நுரையீரலுக்கும் போயிருக்க வேண்டிய பணம் அப்படியே பெயர் மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் அந்த வரியையும் எடுத்துவிட்டு, நிலக்கரிக்கு ஜிஎஸ்டியை 5லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். இப்போது அது பொதுக் கணக்கில் சேரும் வரிகளில் ஒன்று. இதை ஒரு பெரிய நம்பிக்கைத் துரோகமாகவே நான் பார்க்கிறேன்.

மாடியில் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்கிறார்கள். போடலாமா?
— இல்லத்தரசி, மதுரை

2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் அது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் போட்டால் 78,000. இரண்டு மாத பில்லில் 400, 500 யூனிட் ஓடுகிற வீடு என்றால் தாராளமாகப் போடுங்கள். 200 யூனிட்டுக்குள் முடிகிற வீடு என்றால் அவசரப்பட வேண்டாம், முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம் என்பதால் மிச்சம் பெரிதாகத் தெரியாது. கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி போல நிழல் விழாத இடம் வேண்டும், தண்ணீர்த் தொட்டியின் நிழல் மதியம் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒரு நாள் மேலே போய்ப் பார்த்துவிடுங்கள். போட்டுக் கொடுப்பவரிடம் பராமரிப்பு எத்தனை வருடம் என்பதை எழுதி வாங்குங்கள், வாய்ப் பேச்சு வேண்டாம்.

விடிந்து எழுந்தால் திண்ணை, கொடியில் காயும் துணி, மூடாத தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் சாம்பல். குழந்தைக்கு இருமல் நிற்பதில்லை. புகையிலிருந்து கந்தகத்தை எடுக்கும் கருவி வைக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். இங்கே வைத்தது மாதிரி தெரியவில்லையே?
— கடலோர வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அம்மா. முதலில் குழந்தையை நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்துச் சீட்டையும் பரிசோதனை முடிவையும் பத்திரமாக வையுங்கள், பிறகு அவை உதவும்.

விதி வந்தது 2015 டிசம்பரில். அனல்மின் நிலையப் புகையில் கந்தக டை ஆக்சைடு எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரம்பு வைத்தது. இரண்டு வருடத்தில், அதாவது 2017க்குள், எல்லாரும் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் எஃப்.ஜி.டி. என்று சொல்லும் அந்தக் கருவி. புகையைச் சுண்ணாம்புக் கலவையோடு சேர விட்டால் கந்தகம் ஜிப்சமாகப் பிரிந்து வரும், அவ்வளவுதான் விஷயம். 2017 என்பது 2022 ஆயிற்று, அதுவும் பிறகு தள்ளிப் போயிற்று, இன்னொரு முறையும் தள்ளிப் போயிற்று. கடைசியில் 2025 ஜூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. டெல்லி வட்டாரத்திலிருந்தோ பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்திலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் 2027 கடைசிக்குள் வைக்க வேண்டும். மாசு மிகுந்த பகுதிகளில் இருப்பவை பற்றி ஒவ்வொன்றாக முடிவு செய்வார்கள். மற்றவை வைக்கவே வேண்டாம். நாட்டின் நிலையங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இந்த விலக்கில் போய்விட்டன.

அரசு சொல்லும் காரணம், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, சுற்றுவட்டாரக் காற்றை அளந்தால் வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது. கந்தகம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் புகைபோக்கியிலிருந்து போகிற கந்தக டை ஆக்சைடு அதே வடிவில் அங்கேயே நிற்பதில்லை, காற்றில் போகப் போக சல்பேட் துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளில் சேர்ந்துகொள்கிறது. நிலையத்தைச் சுற்றி வாயுவை மட்டும் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்வது, அடுப்பங்கரையில் மட்டும் மூக்கை வைத்துவிட்டு வீட்டில் புகையே இல்லை என்று சொல்வது போல. பத்து வருடம் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டு, கடைசியில் தேவையே இல்லை என்று முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று, உங்கள் திண்ணையில் படிவது சாம்பல், அதற்கு விதி வேறு. 2021 டிசம்பர் அறிவிப்புப்படி நிலையங்கள் தங்கள் சாம்பலைச் சிமென்ட், செங்கல், சாலை வேலை என்று முழுவதுமாகப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும், தீர்க்காத ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் இழப்பீடு. சாம்பல் குளத்தைக் காய விடாமல் நனைத்து வைப்பது நிலையத்தின் பொறுப்பு. தேதி போட்டுப் படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், தெருவில் பத்து வீட்டுக் கையெழுத்தோடு.

கிரேட் நிக்கோபாரில் வெட்டும் மரங்களுக்குப் பதிலாக ஹரியானாவில் நடுவார்களாம். பிள்ளைகளுக்கு இதை எப்படிப் பாடம் நடத்துவது?
— பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

வரைபடத்தை விரித்து வைத்தே நடத்துங்கள். துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் என்று கலாத்தியா வளைகுடாப் பக்கம் வரப்போகும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு. வெட்ட வேண்டிய மரங்கள் 9.64 லட்சம் என்று அரசே மதிப்பிட்டிருக்கிறது. அந்தக் கடற்கரை பெருந்தோணி ஆமைகள் முட்டையிடும் இடம், அந்தக் காடு ஷோம்பென் பழங்குடி மக்களின் வீடு. ஹரியானாவின் வறண்ட மண்ணில் மரம் நடுவது நல்ல காரியம்தான், அங்கே நட வேண்டியதுதான். ஆனால் அந்த ஆமை ஹரியானாவுக்குப் போய் முட்டையிடுமா என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே கேட்டுவிடும்.

காட்டை எண்ணும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. நம் வன அளவீட்டுக் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் நிழற்பரப்பு 10 சதவீதம் இருந்தால் போதும், அது காடு. மரம் எது, நிலம் யாருடையது என்று பார்ப்பதில்லை. உங்கள் மாவட்டத்துத் தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும் பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற காடும் ஒரே வண்ணத்தில் வந்துவிடும். காடும் மரங்களும் சேர்ந்து நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம் என்று 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்வதைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு கதையும் சொல்லுங்கள். நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரம் வெட்டுவதைத் தடுக்கச் சொல்லி நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பரில் வந்த உத்தரவு, பதிவேட்டில் எப்படி எழுதியிருந்தாலும் சரி, அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடுதான் என்றது. நாடு முழுக்க எவ்வளவோ காட்டைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி அந்த வரியைக் குறுக்கப் பார்த்தார்கள், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பழைய பொருளையே பின்பற்றச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது.

என் வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். மதியம் கம்பியைத் தொட்டால் கை கொப்பளிக்கிறது. வெயிலில் வேலை செய்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?
— ஆம்பூர் வாசகி

கொஞ்சம் உண்டு, போதாது. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகு 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் போட்டது, அதைப் பார்த்துப் பல ஊர்கள் போட்டன. பலவற்றில் ஆலோசனை இருக்கிறது, தனி நிதியும் கட்டாயமும் இல்லை. மேஸ்திரி பன்னிரண்டு மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும் என்று ஒரு திட்டத்தில் எழுதியிருக்கலாம், நிறுத்தினால் அன்றைய கூலியை யார் தருவது என்று எழுதியிருக்காது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு. ஆனால் மருத்துவமனைச் சான்றில் மாரடைப்பு என்று மட்டும் எழுதிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அப்படி எதுவும் நடக்கக் கூடாது. நடந்தால், எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார் என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதியச் சொல்ல வேண்டும். 2024இல் கானமயில் என்ற பறவையைக் காக்கப் போடப்பட்ட வழக்கில், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உரிமை சென்ட்ரிங் பலகை வரைக்கும் இறங்கி வர வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். எல்லாம் முடிவு பண்ணிவிட்டுத்தான் பந்தல் போடுகிறார்கள், போய் என்ன ஆகப்போகிறது என்கிறார் என் அண்ணன். போகலாமா?
— விவசாயி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

கட்டாயம் போங்கள். உங்கள் அண்ணனின் அலுப்பு எனக்குப் புரிகிறது, இருந்தாலும் போங்கள்.

சில வருடங்களுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் நடந்த அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கல்யாண மண்டபம். முன் வரிசை முழுக்க நிறுவனத்து ஆட்கள், வாசலில் இரண்டு வேன் போலீஸ். பெயர் கூப்பிட்டதும் ஒரு வயதான மீனவர் எழுந்து வந்தார். ஒரு கையில், திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று நிறுவனம் கொடுத்த அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம், இன்னொரு கையில் பாலிதீன் பை. 'பதினோராம் பக்கத்தில், கழிமுகத்தில் மீன்பிடித் தொழில் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். இது காலையில் அங்கே பிடித்தது' என்று சொல்லிப் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே இறால், ஒன்றிரண்டு இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் கசிந்ததும் அதிகாரி ஒருவர் அவசரமாகக் காகிதங்களை நகர்த்திக்கொண்டார். கடைசியில் கூட்டக் குறிப்பை வாசித்தபோது, 'மீனவர் ஒருவர் வாழ்வாதாரம் குறித்துப் பேசினார்' என்று ஒரே வரி. பெரியவர் உட்காரவில்லை. பதினோராம் பக்கம் தப்பு என்று நான் சொன்னதை எழுதுங்கள் என்றார். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. எழுதினார்கள். பிறகு நிபுணர் குழு அந்தத் திட்டத்தைப் பார்க்கும்போது அந்த வரிக்கு நிறுவனம் பதில் சொல்லியே தீர வேண்டியிருந்தது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006 செப்டம்பர் அறிவிப்பு கொடுக்கும் உரிமை இது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும், அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும், ஆட்சியரோ அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், குறிப்பை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். மக்கள் வேண்டாம் என்றால் திட்டம் தானாக நின்றுவிடாது, அந்த அதிகாரம் இந்தக் கூட்டத்துக்கு இல்லை. ஒடிஷாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கக் கூடாது என்று 2013இல் 12 கிராம சபைகளும் சொல்லி நிறுத்தினவே, அது வன உரிமைச் சட்டத்தின் பலம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தது ஊர் ஊராக எழுந்த மக்களின் பலம். கருத்துக் கேட்பின் பலம் அது பதிவாகிறது என்பதில் இருக்கிறது.

அதனால்தான் இதைச் சுருக்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த அறிவிப்பை மாற்ற வந்த 2020 வரைவில் 30 நாளை 20 ஆக்கப் பார்த்தார்கள், நாடெங்கும் எதிர்ப்பு வந்தது, வரைவு இறுதியாகவில்லை. 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று அமைச்சகம் விலக்குக் கொடுத்தது, அணுக் கனிமம் கிடைக்கும் கன்னியாகுமரிக் கடற்கரை மணலுக்கு நேராக இது வந்து நிற்கிறது. அனுமதி வாங்காமல் கட்டிவிட்டுப் பின்னால் அனுமதி வாங்குவது கூடாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும், நவம்பரில் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கேட்பதற்கு முன்னால் கட்டிவிடலாம் என்றால் பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

நீங்கள் செய்ய வேண்டியது: இப்போதே ஆட்சியர் அலுவலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், முழு அறிக்கையையும் பார்க்கக் கேளுங்கள். உங்கள் கிணறு, ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம் எந்தப் பக்கத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள், சில சமயம் ஏரியே இருக்காது. பக்க எண்ணோடு எழுதி மூன்று பிரதி எடுங்கள். மைக் கிடைக்காவிட்டாலும் எழுத்தில் கொடுத்தது பதிவாகும். ஒரு பிரதியில் வாங்கியவர் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். குறிப்பு வாசித்து முடிக்கும் வரை மண்டபத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். அனுமதி கொடுத்துவிட்டால், அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியது அந்தக் கையெழுத்து வாங்கிய பிரதி. அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.